ரேக்கா, பெயின்டா? இரண்டு தலைசாமான் செட்டுகளைப் பிரித்துப் பார்த்த கதை

நாகர்கோவில் வடசேரிக்காரன் என்று சொன்னாலே போதும், "அப்ப உங்களுக்கு டெம்பிள் நகை பத்தித் தெரிஞ்சிருக்குமே" என்று யாராவது ஒரு பொட்டலத்தை அவிழ்த்து முன்னால் வைத்துவிடுவார்கள். நான் நகை செய்கிறவன் இல்லை. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் சுத்தியல் சத்தம் கேட்கிற தெருவில் வளர்ந்தேன். பக்கத்து வீட்டு ஆசாரி மாமா இன்றைக்கும் பட்டறையில் உட்காருகிறார். அவருடைய கையையும் என் கண்ணாடிக் குடுவையையும் நம்பி வருகிறவர்கள் உண்டு. போன வருஷம் நவராத்திரி முடிந்த வாரத்தில் வந்த ஒரு விவகாரத்தை முழுதாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. காரணம், அதில் எங்களுக்குத் தெரிந்த சோதனைகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் இடத்தில் காலை வாரிவிட்டன. நானும் ஒரு தடவை தப்பாகச் சொன்னேன்.

பெட்டிக்குள் இருந்தவை

வந்தவர் ஒரு பரதநாட்டிய ஆசிரியை. இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியில் 1986-இல் அவருடைய அரங்கேற்றத்துக்காக வடசேரியில் சொல்லிச் செய்த தலைசாமான் செட்: நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி. எல்லாம் அங்கங்கே கறுத்துக் கிடந்தது. இரண்டாவது பெட்டியில் மகளுடைய அரங்கேற்றத்துக்காகப் போன வருஷம் வாங்கிய புது செட். வீட்டிலிருந்தே கைவேலை நகை செய்து விற்கிற ஒரு பெண்ணிடம் போனில் ஆர்டர் கொடுத்தது. "24 கேரட் கோல்டு லீஃப் ஒட்டியது, மெஷின் வேலை இல்லை" என்பது விற்றவரின் வாக்கு. லீஃப் என்றால் மிக மெல்லிசாகத் தட்டிய தாள், எங்கள் பக்கம் அதை ரேக்கு என்போம். புது செட் பளபளவென்று இருந்தது.

டீச்சருக்கு இருந்த கேள்வி நேரானது. "சார், புதுசுக்குத் தங்க ரேக்குன்னு சொல்லிக் காசு வாங்கினாங்க. அது ரேக்கா, பெயின்டா? அப்புறம், எங்கம்மா வாங்கிக்கொடுத்த பழசு நிஜமாவே தங்கம் போட்டதுதானா?" இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஏன் என்று பிறகு தெரிந்தது.

வடசேரியின் பழைய முறையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அடிப்படை வெள்ளி. வெள்ளித் தகட்டில் உருவம் வெட்டி, கல் உட்காரும் குழிகளை எழுப்பி, அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்பும் பச்சைக் கல்லும் வைத்து, கல்லைச் சுற்றியும் மேல்முகத்திலும் தங்க ரேக்கை அழுத்திப் படியவைப்பார்கள். இப்போது செம்பில் செய்து முலாம் போட்டதும் கவரிங்கும் அதே பெயரில் விற்கின்றன. அதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். சொல்லி விற்றால் அது வேறு சரக்கு, அவ்வளவுதான்.

என்னிடம் வருமுன் கிடைத்த தீர்ப்புகள்

டீச்சர் ஏற்கெனவே மூன்று பேரிடம் காட்டியிருந்தார். தங்கத்தின் மாற்றை (டச்) பார்த்துச் சொல்கிற கடையில், கேரட் மீட்டர் என்கிற எக்ஸ் கதிர் மெஷினில் வைத்துவிட்டு, பழையது "வெள்ளிதான், தங்கம் கொஞ்சமாத்தான் காட்டுது, முலாமா இருக்கும்" என்றார்கள். புதிய நெற்றிச்சுட்டியை வைத்தபோது "செம்பும் துத்தநாகமும் நிறைய இருக்கு, ஆனா தங்கமும் லேசா காட்டுது" என்றார்களாம். அடகுக் கடையில் பழைய செட்டின் ஓரத்தை உரைகல்லில் உரசி, ஒரு சொட்டு ஆசிட் விட்டார்கள். கோடு போய்விட்டது. மூன்றாவது தீர்ப்பு நாத்தனாருடையது: "தங்கம் கறுக்குமா? கறுத்துப்போச்சுல்ல, அப்புறம் என்ன தங்கம்?"

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பழையது போலி, புதியதில் கொஞ்சம் தங்கம் உண்டு என்றுதான் யாருக்கும் படும். டீச்சரின் குரல் இறங்கியதற்கு இதுதான் காரணம். போய்ச் சேர்ந்த அம்மா யாரிடமோ ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சோதனைகள் எல்லாம் கெட்டித் தங்கத்துக்காக ஏற்பட்டவை. லீஃப் என்கிற சமாசாரத்தின் தடிமன் என்ன என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டால் குழப்பம் விலகும். புத்தகமாகக் கட்டி விற்கிற தங்க லீஃப் சுமார் 0.1 மைக்ரான் தடிமன். தலைமுடி ஒன்று எழுபது எண்பது மைக்ரான். ஒரு கிராம் தங்கத்தை இந்தத் தடிமனுக்குத் தட்டினால் அரை சதுர மீட்டர் பரப்பும். ஒரு தலைசாமான் செட்டின் முகப்பரப்பு தோராயமாக 100 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதை முழுக்க மூட 19 மில்லிகிராம் தங்கம் போதும். நகையில் அழுத்திப் படியவைக்கிற ரேக்கு இதைவிடத் தடிமன்தான். பத்து மடங்கு என்று வைத்தாலும் 0.2 கிராமைத் தாண்டாது.

உரைகல்லில் உரசும்போது ஒரே இழுப்பில் இந்தத் தோல் கிழிந்து அடியிலுள்ள வெள்ளிதான் கோடாக விழும். ஆசிட் கரைத்தது அந்த வெள்ளியை. கேரட் மீட்டரும் மேல்தோலை மட்டும் பார்ப்பதில்லை. அதன் எக்ஸ் கதிர் தங்கத் தோலைத் துளைத்துக்கொண்டு வெள்ளிக்குள் இறங்கிவிடும். இரண்டையும் ஒரே உலோகக் கலவை என்று நினைத்து அது சதவீதம் போடுகிறது. அதனால் அசல் ரேக்கு போட்ட நகைக்கு "தங்கம் கம்மி" என்று வருவதுதான் சரியான விடை. அதைக் கேட்டுவிட்டு "போலி" என்று முடிவுகட்டுவதில்தான் தப்பு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிமேல் ரேக்கு ஒட்டிய நகையில் யாராவது 916 ஹால்மார்க் காட்டினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். 916 என்பது முழுப் பொருளிலும் உள்ள தங்கத்தின் அளவு. மேல்தோலுக்கு அந்த முத்திரை கிடையாது.

லென்ஸின் கீழே பழைய செட்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, சாய்வாக அடிக்கிற மேஜை விளக்கு ஒன்று. முதல் அரை மணி நேரம் இவ்வளவுதான் தேவைப்பட்டது. இதைச் செய்யாமல் ஆசிட் பாட்டிலைத் திறப்பவர்களை நான் நம்புவதில்லை.

ரேக்கு என்பது ஒரு தாள். தாளுக்கு ஓரம் உண்டு, மடிப்பு உண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம் உண்டு. பழைய சூரியப் பிரபையில் கதிர்களின் சரிவில் இரண்டு துண்டு ரேக்கு சேரும் கோடு மயிரிழையாகத் தெரிந்தது. கெம்புக்கல்லின் கழுத்தைச் சுற்றி ரேக்கை அழுத்திய கருவியின் தடம் சின்னச் சின்னப் பள்ளமாக இருந்தது. கல்லின் மேல் ஒரு பிசிறுகூட இல்லை. பின்பக்கம் திருப்பினால் வெறும் வெள்ளி. முலாம் என்றால் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சியிருப்பார்கள். அப்போது பின்பக்கமும், கொக்கியின் உள்வளைவும், கை போகாத பொந்தும் ஒரே சீராகப் பொன்னாகியிருக்கும். ஓரத்தோடு நின்றுபோன தங்கம் கையால் வைத்த தங்கம்.

சரி, கறுப்பு? அதை லென்ஸில் பார்த்தபோது சுவாரசியமாக இருந்தது. கறுப்பு எல்லா இடத்திலும் இல்லை. மேடான முனைகளில் இருந்தது, ரேக்கு கீறிய இடங்களில் இருந்தது, கீறலின் கரையிலிருந்து தங்கத்தின் மேல் மெல்லப் படர்ந்தும் இருந்தது. பள்ளங்களில் தங்கம் நேற்று ஒட்டியதுபோல இருந்தது. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகிற வெள்ளி சல்ஃபைடுதான் இந்தக் கறுப்பு. அது பிறந்த இடத்திலேயே நிற்காது, பக்கத்துத் தங்கத்தின் மேலும் ஊர்ந்து போகும். ஆக, கறுத்தது தங்கம் இல்லை. தங்கம் தேய்ந்த இடத்தில் வெள்ளி எட்டிப்பார்த்திருக்கிறது.

ஏன் மேடுகளில் தேய்ந்தது என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா வருஷா வருஷம் திருநீறு போட்டுத் துடைப்பாங்க, வெள்ளி விளக்கெல்லாம் அப்படித்தானே துலக்குவோம்" என்றார். வெள்ளி விளக்குக்குத் திருநீறு நல்ல மருந்து. ஒரு மைக்ரான் ரேக்குக்கு அது அரம். அப்புறம் சந்திரப் பிரபையின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புப் பட்டை. அது எனக்குப் புரியவே இல்லை. பெட்டியின் மூலையில் காய்ந்து உடைந்த ரப்பர் பேண்ட் துண்டுகள் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. செட்டைத் துணியில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். ரப்பரைப் பதப்படுத்தவே கந்தகம்தான் சேர்க்கிறார்கள். பல வருஷம் அந்த இடத்தில் கந்தகம் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ராக்கொடி மட்டும் வேறு கதை. அதன் ஒரு பாதி பழுப்பேறி, மங்கி, மாவு பூசியதுபோல இருந்தது. லென்ஸில் தாளின் ஓரம் எதுவும் இல்லை. கொத்திய கோடுகளுக்குள் ஏதோ குழம்பு தேங்கிக் காய்ந்திருந்தது. மூன்று கெம்புகளின் விளிம்பில் பொன்னிறம் வழிந்து ஏறியிருந்தது. விளக்கைச் சாய்த்தால் முழுப்பரப்பும் ஒன்றாக மின்னவில்லை. தனித்தனித் துகள் மாறி மாறிக் கண்சிமிட்டியது. ரேக்கு கண்ணாடிபோல ஒரே முகமாக ஒளியைத் திருப்பும், மடிப்பில் மட்டும் உடையும். பெயின்ட் துகள் துகளாகத் திருப்பும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பித்தளைத் தூளை லாக்கரில் கலந்த பெயின்ட் அது. பித்தளை பழுப்பாகி, துகளின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. எப்போதோ ரிப்பேருக்குக் கொடுத்தது நினைவிருக்கிறது, யாரிடம் என்று நினைவில்லை என்றார் டீச்சர்.

புதிய செட்டும் நான் சறுக்கிய இடமும்

புதிய சூரியப் பிரபையும் சந்திரப் பிரபையும் லென்ஸ் வைத்த உடனே பிடிபட்டன. துகள் மின்னல், பள்ளத்தில் தேக்கம், ஓர் இடத்தில் காற்றுக்குமிழ் வெடித்த குழி, இன்னோர் இடத்தில் தூரிகையின் ஒற்றை மயிர் ஒட்டிக் காய்ந்திருந்தது. பெயின்ட்தான். ஆனால் பெயின்டைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமா வழக்கம்போல ஒரு கண்ணாடித் துண்டில் சுரண்டிய தூளை வைத்து நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டார். பித்தளை என்றால் பொங்கிப் பச்சையாக வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை. தூள் அப்படியே கிடந்தது. "தம்பி, இது என்ன, ஆசிட்டுக்கே அசையல?" என்றார் மாமா, கொஞ்சம் கலக்கத்தோடு.

இப்போது வருகிற பொன்னிறப் பெயின்ட் பலவற்றில் உலோகமே கிடையாது. மைக்காத் தகட்டின் மேல் டைட்டானியம் டைஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். அந்தத் தோலில் ஒளி பிரிந்து பொன்னிறம் காட்டும். அமிலம் அதைச் சுலபத்தில் தொடாது. வியர்வையில் கறுக்காது, பச்சை பூக்காது. மைக்காவுக்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, காக்காப்பொன். பெயர் வைத்தவர் யாரோ, முன்கூட்டியே எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். "கறுக்கல, அதனால தங்கம்", "ஆசிட்டுக்குக் கரையல, அதனால தங்கம்" என்கிற இரண்டு வாதமும் காக்காப்பொன்னிடம் தோற்கும். நகச்சாயம் அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் லேசாகத் தொட்டு, பின்பக்கத்து மறைவான இடத்தில் ஒற்றியபோதுதான் அது தன்னைக் காட்டிக்கொடுத்தது. பஞ்சு முழுக்க ஜிகினா. கீழே செம்பு.

நெற்றிச்சுட்டியில்தான் நான் ஏமாந்தேன். அதில் தாளின் ஓரம் இருந்தது, மடிப்பு இருந்தது, இரண்டு தாள் ஏறிய கோடு இருந்தது. துகள் மின்னல் இல்லை. கல்லைச் சுற்றிப் பிசிறு கிழிந்திருந்த விதம்கூட லீஃபுக்கே உரியது. அன்று மாலையே போன் செய்து, "டீச்சர், மத்ததெல்லாம் பெயின்ட், சுட்டி மட்டும் நிஜ லீஃப் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். டச் கடை மெஷினும் அதில்தானே லேசாகத் தங்கம் காட்டியது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

லீஃப் என்றது சரி. தங்கம் என்றதுதான் தப்பு.

மறுநாள் காலை வெயிலில் சுட்டியை வைத்துப் பார்த்தபோது, கொக்கிப் பக்கம் வார்னிஷ் பெயர்ந்த ஒரு மில்லிமீட்டர் இடம் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. அதன் கரையில் லேசான பச்சை. வார்னிஷுக்குள் இருக்கும்வரை பொன், வெளியே வந்ததும் பழுப்பு. தங்கத்துக்கு வார்னிஷ் தயவு தேவையில்லை. பித்தளைக்குத்தான் தேவை.

இரண்டு துணுக்குகள்

இனி ஊகம் வேண்டாம் என்று டீச்சரைக் கூப்பிட்டு, அவர் சம்மதத்தோடு இரண்டு துணுக்கு எடுத்தோம். புதிய சுட்டியின் கொக்கிப் பக்கத்திலிருந்து ஒன்று, பழைய சூரியப் பிரபையில் ஏற்கெனவே கிளம்பி நின்ற ஒரு பிசிறு ஒன்று. இரண்டும் கடுகில் பாதிகூட இல்லை. பழைய பிசிறில் ரேக்கோடு வெள்ளிச் செதிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

கண்ணாடித் தகட்டில் வைத்து ஆளுக்கொரு சொட்டு நைட்ரிக் அமிலம். (வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். பித்தளையும் வெள்ளியும் கரையும்போது கிளம்புகிற பழுப்புப் புகை நுரையீரலுக்கு ஆகாது. நாங்கள் திறந்த மாடத்தில் செய்தோம்.) புதியது உடனே பொங்கியது. சொட்டு நீலப்பச்சை ஆனது. கொஞ்ச நேரத்தில் துணுக்கு இருந்த இடத்தில் வார்னிஷின் நிறமற்ற சவ்வு மட்டும் மிதந்தது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை லீஃப்.

பழையதிலும் முதலில் குமிழ் வந்தது. டீச்சர் பதறிவிட்டார். குமிழ் அடங்கியதும் லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தேன். வெள்ளி முழுக்கக் கரைந்துபோய், ஒரு மஞ்சள் தோல், சுருக்கத்தோடு, சொட்டின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டுச் சேர்த்தபோது திரவம் பால் திரிந்ததுபோல வெளுத்தது. அது வெள்ளி குளோரைடு, அடிப்படை வெள்ளிதான் என்பதற்குச் சாட்சி. மஞ்சள் தோல் அசையவில்லை. டீச்சர் லென்ஸை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புத்தகங்களில் ஒரு சோதனை சொல்வார்கள்: அசல் தங்க லீஃபை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலப்பச்சையாக ஒளி ஊடுருவும், பித்தளை லீஃப் ஊடுருவ விடாது என்று. உண்மைதான், 0.1 மைக்ரான் லீஃபுக்கு. பழைய செட்டின் தோலைக் கழுவிப் பிடித்துப் பார்த்தோம். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. ஊசித்துளைகளில் மட்டும் வெள்ளை வெளிச்சம். நகைக்கான ரேக்கு தடிமன் என்பதால் ஒளியை அடைத்துவிட்டது. அந்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அசலைப் போலி என்று தள்ளியிருப்போம்.

புறஊதா டார்ச்சும் அடித்துப் பார்த்தேன். புதிய செட்டின் வார்னிஷும், கல் ஒட்டிய பசையும் நீலவெளுப்பாக ஒளிர்ந்தன. பழையதில் கல்லின் கழுத்தில் மட்டும் ஆரஞ்சு வளையம் தெரிந்தது, அது அரக்கு. அழகாக இருந்தது. ஆனால் அசல் லீஃபின் மேலும் வார்னிஷ் பூசுகிறவர்கள் உண்டு, ஆகவே இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

மெஷின் ஏன் தங்கம் காட்டியது

பித்தளை லீஃபில் கேரட் மீட்டர் எப்படித் தங்கம் கண்டது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. டச் கடைக்கே போய், சதவீதத்தைக் காட்டுகிற பக்கத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கிற வரைபடத்தைத் திறக்கச் சொன்னேன். கடைப் பையன், "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்றான், ஆனாலும் திறந்தான்.

ஒவ்வொரு தனிமமும் எக்ஸ் கதிர் பட்டதும் தனக்கென்று சில ஆற்றல்களில் ஒளிரும். தங்கத்தின் முதல் கோடு 9.71 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் விழும். துத்தநாகத்துக்கு முக்கியக் கோடு 8.64-இல் இருந்தாலும், இரண்டாவது கோடு ஒன்று 9.57-இல் உண்டு. 9.57-க்கும் 9.71-க்கும் உள்ள இடைவெளியைக் கடையில் வைத்திருக்கிற பழைய கருவிகளால் பிரிக்க முடியாது. துத்தநாகம் நிறைய இருந்தால் அதன் இரண்டாவது கோட்டின் ஒரு பகுதியைத் தங்கத்தின் கணக்கில் எழுதிவிடும். தங்கம் உண்மையில் இருந்தால் 11.44-இல் அதன் இன்னொரு கோடும் எழும்பியாக வேண்டும். அங்கே துத்தநாகத்துக்கு வேலை இல்லை. புதிய சுட்டியின் வரைபடத்தில் 11.44 வெறும் தரை. பழைய பிரபையை வைத்தபோது 9.71-இலும் 11.44-இலும் இரண்டு கோபுரம், வலது ஓரத்தில் 22-இல் வெள்ளியின் கோபுரம். பையன் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

லீஃப் நகைக்குக் கேரட் மீட்டர் உதவாது என்று நான் சொல்லவில்லை. அது போடுகிற சதவீதம்தான் உதவாது. எந்தக் கோடுகள் இருக்கின்றன என்று கேட்டால் நகையைக் கீறாமலே அது பதில் சொல்லும்.

விற்றவர்

டீச்சர் சண்டை போடத் தயாராகத்தான் போன் செய்தார். அந்தப் பெண் மறைக்கவில்லை. பிரபைகளுக்கு "கோல்டு ஃபினிஷ்" கொடுத்ததாகவும், சுட்டிக்கு மட்டும் லீஃப் ஒட்டியதாகவும் சொன்னார். விளம்பரத்தில் செட் முழுவதற்கும் லீஃப் என்று வந்துவிட்டது தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். லீஃப் வாங்கிய பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினார். முன்பக்கம் பெரிய எழுத்தில் கோல்டு லீஃப், பின்பக்கம் பொடி எழுத்தில் இமிடேஷன். தாளின் அளவு 14 செ.மீ. சதுரம். அதைப் பார்த்தாலே எனக்குப் போதும். அசல் தங்க லீஃப் பெரும்பாலும் 8 செ.மீ. சதுரத்தில், 25 தாள் கொண்ட புத்தகமாக வரும். மெல்லிய தாள்களுக்கு நடுவே இருக்கும், கையால் தொட்டால் விரல் ரேகைக்குள் கரைந்து காணாமல் போகும். பித்தளை லீஃபைக் கையால் எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டலாம், ஏனென்றால் அது பல மடங்கு தடிமன். "நான் கையாலதான் சார் எடுத்து ஒட்டுவேன்" என்றார் அந்தப் பெண். அப்படி எடுக்க முடிந்தது என்பதே விடை.

கொடுத்த பணத்தில் பாதி திரும்ப வந்தது. தங்கத்தின் விலையைக் கணக்குப் பார்த்து வாங்கிய பணம் இல்லை அது. முன்பே போட்ட கணக்கின்படி அசல் லீஃபே ஒட்டியிருந்தாலும் செட் முழுவதற்கும் சில பத்து மில்லிகிராம்தான் வந்திருக்கும். வெள்ளிக்கும், கல்லுக்கும், ரேக்கை நசுக்காமல் படியவைக்கிற கைக்கும்தான் கோயில் நகையில் விலை. செம்பின் மேல் தூரிகை ஓட்டிவிட்டு அந்தக் கைக்கான கூலியை வாங்கியதுதான் நியாயமில்லை. மகளுக்குப் புது செட் பிடித்திருந்ததால் திருப்பி அனுப்பவில்லை. பயிற்சிக்குப் போட்டுக்கொள்கிறாள்.

ராக்கொடி

பழைய செட்டை என்ன செய்வது என்பதில் மாமாவுக்கும் எனக்கும் சின்னத் தகராறு. கறுப்பை எடுக்க ரசாயனக் கரைசலில் முக்கிவிடலாமே என்றேன். "முக்கினா அரக்கு என்னாகும்? கல்லுக்கு அடியில இருக்கிற தகட்டுக்குத் தண்ணி போனா கெம்பு செத்துப்போயிடும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. கறுப்பை அப்படியே விட்டுவிட்டு, ரேக்கு அறவே போன முனைகளில் மட்டும் புது ரேக்கு வைப்பது என்று முடிவானது. டூத்பேஸ்ட், புளி, திருநீறு எதுவும் இனி இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று டீச்சரிடம் சத்தியம் வாங்காத குறை.

ராக்கொடியில் பெயின்ட் பூசிய பாதியை முழுக்கச் சுரண்டிவிட்டு ரேக்கு போட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம். மாமா பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றிப் பாதி உலர்த்தி, கல்லிலிருந்து தள்ளி ஒரு நகக்கண் அளவு இடத்தில் வைத்து எடுத்தார். கல்லுக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சியின் முனை மட்டும். பஞ்சில் பழுப்பு வந்தது. இரண்டாவது பஞ்சிலும் பழுப்பு. மூன்றாவது பஞ்சை எடுத்தபோது அடியில் வெள்ளி தெரியவில்லை. மஞ்சள் தெரிந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ரேக்கு அங்கேயே இருந்தது. தாளின் ஓரத்தோடு, கருவித் தடத்தோடு. மேடுகளில் கொஞ்சம் தேய்ந்து வெள்ளி கறுத்திருந்தது, அவ்வளவுதான். ரிப்பேருக்கு வாங்கியவர் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த தங்கத்தையும் சேர்த்துப் பித்தளைப் பெயின்டால் மூடியிருக்கிறார்.

முழுக்க எடுத்து முடிக்க நாலு நாள் ஆனது. பெயின்ட் பூசிய பரப்பில் முக்கால்வாசியில் 1986-இன் ரேக்கு அப்படியே கிடைத்தது. மீதி இடத்துக்கு மாமா புதிதாக வைத்தார். புது ரேக்குக்கும் பழையதுக்கும் நிறத்தில் ஒரு மாற்று வித்தியாசம் தெரிகிறது, வேண்டுமென்றேதான் அதைச் சரிசெய்யாமல் விட்டார். தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி, ரப்பர் பேண்டுக்குப் பதிலாக நூல் கட்டி, டீச்சர் எடுத்துப் போனார். தை மாதம் மகள் மேடை ஏறியபோது தலையில் இருந்தது பழையது.